துவிச்சக்கரவண்டிக்காரரின் பிரயாணக் கதைகள்

சனி ஞாயிறு தினங்களிலே துவிச்சக்கரவண்டியில் ஊர் சுற்றிவரும் மாணாக்கர், திங்கட்கிழமை காலையில் மணி அடிக்குமுன் ஒருவர்க்கொருவர் கூறிக்கொள்ளும் கதைகளைக் காதுகொடுத்துக் கேட்டவர்க்கு ஓர் உண்மை புலப்படும். சென்ற தூரம் 12 மைலாயின் சொல்லும் தூரம் 20 மைலாயிருக்கும். வழியிலே துரத்திய நாய் ஒன்றாயின் கதையிலே மூன்று துரத்தும். கேட்டுக்கொண்டிருப்பவனும் வாளாவிருப்பதில்லை, அவனிடமும் ஒரு நாய் உண்டு. இதனை வெறும் வாய்வீச்சென்று நாம் ஒதுக்கிவிடுதல் தகாது. பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுவோர் தாம் சென்றுவந்த பாதையைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் வழக்கத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கின்றது. இக்காலத்துச் சைக்கிளின் முக்கியமான உறுப்பொன்று நிலைபெறுவதற்கு அத்தகைய கதைகள், அவற்றுள்ளும் பொய் கலவாத கதைகள், பெருந்துணை புரிந்தன என்று கூறினால் வாசகர் வியப்படையக்கூடும்.

பிரான்ஸ் தேசத்திலே, லியோன் நகரத்துக்குத் தென்மேற்கே, செந் எத்தியென் என்றொரு நகரம் உளது. நிலக்கரியும் துப்பாக்கியும் பட்டு நாடாவும் துவிச்சக்கரவண்டியும் அந்நகரத்துக்குப் பெயர் தேடிக்கொடுத்த கைத்தொழில்கள். அங்கே பட்டு வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தவர் போல் த விவி என்பவர். 1853-ம் ஆண்டிலே பிறந்த அவர், தமது 28-ம் வயதளவில் முதலாவது சைக்கிளை வாங்கினார். அன்று தொடங்கி வியாபாரம் பின்னே செல்லச் சைக்கிள் முன்னே வந்தது. ஈற்றிலே பட்டைக் கைவிட்டுச் சைக்கிள் கடை வைத்தார். 1887-ம் ஆண்டில் ஒரு சஞ்சிகையையும் ஆரம்பித்தார். ‘ல சிக்கிளிஸ்ற்’, அதாவது ‘சைக்கிளோட்டி’, என்ற பெயரால் அது புகழ்பெற்றது. அதிலே அவர் ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் எழுதிவந்தமையால், அப்பெயரே உலகில் நிலைத்துவிட்டது. நாமும் அப்பெயரையே ஆளுவோம்.

இந்தச் சஞ்சிகையின் சிறப்பு யாது? அக்காலத்துச் சைக்கிள் பத்திரிகைகள் பந்தய ஓட்டக்காரரின் வெற்றி தோல்விகளையே பெரிதும் பேசின. வெலோசியோவின் சஞ்சிகையிலோ பந்தயத்தைக் கனவிலும் கருதாத சாதாரண மனிதர் எழுதினர். எந்நேரம் புறப்பட்டோம், எந்த மலையில் ஏறினோம், சரிவு எத்தகையது, வழியிலே என்ன உண்டோம், வண்டியின் பற்களின் கணக்கு யாது, எவ்விடத்தில் இறங்கித் தள்ளினோம் என்றெல்லாம் அவர்கள் விவரமாக எழுதினர். பத்திராதிபரே முதல் எழுத்தாளராய் விளங்கினார். இரவு முழுவதும் விளக்கொளியில் ஓட்டி, றோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கேயுள்ள புறொவான்ஸ் நாட்டை அடைந்து, உறக்கம் பாராது மேலும் ஓட்டி, வீடு திரும்பியதும் அதனை எழுதுவது அவர் வழக்கம். நமது வாசகர் பலருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியொன்றையும் இடையே சொல்லிவிடலாம்: அவர் மரக்கறி உணவுக்காரர். நீண்ட பயணத்துக்கு இறைச்சியே பலம் தருமென்று பலரும் நம்பிய காலத்தில், பழமும் அரிசியும் உண்டு மலையேறியவர். எஸ்பெராந்தோ என்ற சர்வதேச மொழியிலும் அவருக்குப் பேரார்வம் இருந்தது. சற்று விசித்திரமான மனிதர்தான். ஆயினும் ஒரு சஞ்சிகையை நடத்துதற்குச் சற்று விசித்திரமும் வேண்டியதே.

செந் எத்தியென் நகரைச் சுற்றி மலைகள். நகரத்து எல்லையைக் கடந்து தெற்கே சென்றால் 1,161 மீற்றர் உயரமுள்ள ‘கொல் த லா றெபுப்ளிக்’ என்னும் கணவாய் எதிர்நிற்கும். இந்த மலைகளே வெலோசியோவை ஒரு கேள்வியின் முன் நிறுத்தின. மாணாக்கர் பொருட்டு அதனைச் சிறிது விளக்குவோம்.

பெடலோடு பொருந்திய பெரிய பல்லுச்சில்லுக்கு 48 பற்களும், பின்சில்லோடு பொருந்திய சிறிய பல்லுச்சில்லுக்கு 16 பற்களும் இருப்பதாகக் கொள்க. பெடல் ஒருமுறை சுற்றப் பின்சில்லு மூன்று முறை சுற்றும். சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீற்றர். எனவே பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 6.6 மீற்றர் செல்லும். சமநிலத்திலே இது சுகமான ஓட்டம். மலைச்சரிவிலோ, அதே ஒரு சுற்றுக்குள் உடலையும் வண்டியையும் சேர்த்து மேலே தூக்கவேண்டியிருத்தலின் முழங்கால் முறையிடத் தொடங்கும். இரண்டு பல்லுச்சில்லுகளுக்கும் 24 பற்களே இருக்குமாயின் ஒரு சுற்றுக்கு வண்டி 2.2 மீற்றரே நகரும். அதே தூரத்துக்குப் பெடலை மும்மடங்கு சுற்றவேண்டும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் மூன்றிலொன்றுதான். வேலை குறைவதில்லை, தவணை முறையிற் செலுத்தப்படுகின்றது, அவ்வளவே. ஆகவே சமநிலத்துக்கு ஒன்றும் மலைக்கு வேறொன்றுமாகப் பல்லுக் கணக்கை மாற்றிக்கொள்ள ஒரு வசதி வேண்டும். இன்று நாம் ‘கியர்’ என்பது இதனையே.

இவ்வசதியை வெலோசியோ பலவாறு பரீட்சித்தார். முதலில் வண்டியை விட்டிறங்கிச் சங்கிலியைக் கையால் இடம் மாற்றினார். பிறகு ஒரே வண்டியில் இரண்டு சங்கிலிகளைப் பூட்டிப் பார்த்தார். அவரைச் சூழ்ந்த நண்பர்களும் நகரத்துத் தொழிலாளரும் புதிய புதிய பொறிகளைச் செய்தனர். ஒவ்வொன்றும் மலைமேல் ஏற்றப்பட்டு, அதன் குணமும் குற்றமும் சஞ்சிகையில் அச்சேறின. சங்கிலி கழன்றது என்றால் கழன்றது என்றே எழுதினார்கள். ‘செந் எத்தியென் பள்ளி’ என்று பிற்காலத்தார் இக்கூட்டத்தினரைக் குறிப்பிடுவர். கூரையும் சுவரும் இல்லாத அந்தப் பள்ளியின் பாடப்புத்தகம் பிரயாணக் கதையே.

இதற்கு எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. எதிர்த்தவர் சாமானியர் அல்லர். 1903-ம் ஆண்டில் உலகப் பிரசித்தி பெற்ற ‘ரூர் த பிரான்ஸ்’ பந்தயத்தை ஆரம்பித்த ஹென்றி டெகிறாஞ் அவர். 1893-ம் ஆண்டில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீற்றர் ஓட்டிச் சாதனை நிறுவியவர், பெரும் பத்திராதிபர். கியர் வசதி 45 வயதைக் கடந்தவர்க்கே உரியது, வாலிபன் தசைவலியால் வெல்லவேண்டுமேயன்றிப் பொறிவலியால் அன்று என்பது அவர் கட்சி. பத்திரிகைப் பலமும் பந்தயப் புகழும் ஒரு பக்கம். மாகாண நகரமொன்றிலிருந்து வெளிவந்த ஒரு சிறு சஞ்சிகையும் அதில் எழுதிய ஊர்சுற்றிகளும் மறுபக்கம்.

1902-ம் ஆண்டிலே பிரான்ஸ் தேசத்துச் சைக்கிள் சுற்றுலாக் கழகம் பிரனீஸ் மலைகளில் ஒரு பரீட்சை நடத்திற்று. பாதையிலே துர்மலே கணவாய் இருந்தது. அதன் உயரம் 2,115 மீற்றர். நமது நுவரெலியா நகரினும் உயர்ந்தது. கியர் பூட்டிய வண்டியில் ஏறிய மார்த் ஹெஸ் என்னும் பெண்மணி, பாதையெங்கணும் காலைத் தரையில் ஊன்றாமலே ஓட்டிமுடித்தார். ஒற்றைக் கியரில் வந்த தேர்ந்த ஓட்டக்காரருக்கு அது கைகூடவில்லை. வாதம் அன்றே முடிந்திருத்தல் வேண்டும், முடியவில்லை. ரூர் த பிரான்ஸ் பந்தயத்திலே சங்கிலி மாற்றும் கியருக்கு அநுமதி கிடைத்தது 1937-ம் ஆண்டிலேதான். அதுவரை உலகின் சிறந்த வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மீண்டும் ஏறினார்கள். அந்த 35 வருடங்களாக, வார இறுதியில் மனைவி மக்களோடு மலையேறிய சாதாரண மனிதர் அவ்வீரரினும் நல்ல வண்டியில் ஏறிக்கொண்டிருந்தனர். ஒருவர் எழுதியதைப் படித்து மற்றொருவர் பூட்டினார். பூட்டியவர் தாமும் எழுதினார். விளம்பரம் செய்துகொடுக்க முடியாத காரியத்தை இந்தக் கைமாற்றம் செய்துகொடுத்தது.

கதை பயன்பட்டதற்குக் காரணம் அது நம்பத்தக்கதாய் இருந்தமையே. வெலோசியோ சைக்கிளோட்டிகளுக்கு ஏழு விதிகளை வகுத்தார். பசி எடுக்குமுன் உண்ணவேண்டும், தாகம் எடுக்குமுன் பருகவேண்டும், அடுத்த நாள் உணவும் உறக்கமும் கசக்கும் அளவுக்கு உடலை வருத்தலாகாது, குளிருமுன் போர்த்து வியர்க்குமுன் களையவேண்டும் என்பன போன்ற அவ்விதிகளை இன்றும் நீண்ட தூரம் ஓட்டுவோர் கைக்கொள்ளுகின்றனர். அவற்றுள் கடைசி விதி, வீண்பெருமைக்காக ஓட்டலாகாது என்பது. மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இது நீதிபோதனையாகத் தோன்றும். நமக்கு அது உடலைக் காக்கும் யோசனையாகவே தோன்றுகின்றது. பெருமைக்கு ஓட்டுபவன் தாகத்தை மறைப்பான், களைப்பை மறைப்பான், மறைத்த களைப்பு அவன் எழுத்திலும் வராது, அதனை நம்பிப் புறப்படும் மற்றொருவன் நடுவழியில் விழுவான்.

இதற்கு எதிரிடையான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்து அனி கொப்சொவ்ஸ்கி என்னும் இளம் பெண், மூன்று பிள்ளைகளின் தாய், 1894-ம் ஆண்டில் சைக்கிளில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார். ‘லண்டன்டெரி’ என்ற ஊற்றுநீர்க் கம்பனியிடம் 100 டொலர் பெற்று, அதன் பலகையை வண்டியில் மாட்டி, அதன் பெயரையே தம் பெயராகவும் சூடிக்கொண்டார். 1895-ம் ஆண்டில் திரும்பிவந்தார். அவர் கூறிய கதைகளோ ஊருக்கொன்று. ஓரிடத்தில் தாம் அநாதை என்றார். மற்றோரிடத்தில் சட்டம் படித்தவர் என்றார். இந்தியாவிலே புலி வேட்டையாடியதாகவும் சொன்னார். வழியின் பெரும்பகுதி கப்பலிலேயே கழிந்தது. பெண்கள் சைக்கிளில் ஏறுவதே ஊர்வாய்க்கு இரையாகிய அக்காலத்தில் அவருடைய துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை, அது பெருந்துணிவே. ஆனால் அவர் கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல் தூரமும் ஒருவர் வழிகண்டு செல்ல முடியாது. அவருக்குப் பத்து வருடம் முந்தி, 1884-ம் ஆண்டு சன் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, முன்சில்லு ஆளுயரமாய் நிற்கும் பழைய வண்டியிலே அமெரிக்கா, ஐரோப்பா, பாரசீகம், வட இந்தியா, சீனம் கடந்து 1886-ம் ஆண்டு டிசம்பரில் யப்பானிலே யொக்கொஹாமாவை அடைந்த தோமஸ் ஸ்ரீவன்ஸ் எழுதியதோ, எந்த ஊரில் பாதை மணல், எந்த ஊரில் கல் என்று இன்றும் காட்டுகின்றது.

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே றொபின்சன் என்பவர் ‘வேஃபெயரர்’, அதாவது ‘வழிப்போக்கர்’, என்னும் புனைபெயரில் எழுதினார். 1919-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், வட வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலைத்தொடரை நண்பரோடு பனிமூட்டத்திலும் உறைபனியிலும் கடந்த அநுபவத்தை ‘சைக்கிளிங்’ என்ற வாரப்பத்திரிகையில் வெளியிட்டார். பாதையென்று சொல்லத்தக்க பாதை அங்கில்லை. வண்டியிலே ஏறிச் சென்றதினும் வண்டியைத் தள்ளிச் சென்றதே அதிகம். பெரும் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கட்டளையிடுவார் யாருமின்றித் தன் விருப்பத்தின்படியே ஒருவன் பனியில் நடக்கலாம் என்பதே அக்காலத்து வாசகர்க்கு ஒரு விடுதலையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். பின்னர் அவர் ஊரூராகச் சென்று, மாயவிளக்குப் படங்களைத் திரையில் வீழ்த்தித் தமது பயணங்களைப் பற்றிப் பேசினார். மண்டபங்கள் நிறைந்தன. 1956-ம் ஆண்டில் அவர் காலமாக, அடுத்த ஆண்டிலே சைக்கிள் அன்பர்கள் அந்தக் கணவாயின் உச்சியில் ஒரு நினைவுக் கல்லை நாட்டினர். அதன் அருகே ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே ஒரு குறிப்புப் புத்தகம். மேலே ஏறி வருவோர் தத்தம் பெயரையும் அன்றைய வானிலையையும் எழுதிவிட்டுச் செல்வர்.

எழுதத் தெரியாதவர் என் செய்வது என்று ஒருவர் கேட்கலாம். அவர்க்கும் ஒரு வழி ஏற்பட்டது. 1897-ம் ஆண்டு இத்தாலி தேசத்திலே சிலர் உரோமாபுரியிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீற்றரைச் சூரியோதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் ஓட்டினர். ‘ஆடாக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லால் அவர்களை அழைத்தனர். துணிந்தவர் என்பது பொருள். 1904-ம் ஆண்டில் இம்முறையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் யார்? கியரை எதிர்த்த அதே டெகிறாஞ். மனிதரை ஒரே நிறத்தில் தீட்டிவிடலாகாது. இம்முறையில் ஓட்டுவோரிடம் ஓர் அட்டை இருக்கும். குறித்த இடந்தோறும் முத்திரை இடுவித்து நேரம் பதிவர். 200 கிலோமீற்றருக்கு 13½ மணி, 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி என்பது கால எல்லை. முதல்வன், இரண்டாமவன் என்ற வரிசை இல்லை. காலத்துக்குள் வந்தவர் அனைவரும் வந்தவரே. முத்திரை குத்திய அட்டையே மிகச் சுருக்கமான, பொய் சொல்லவொண்ணாத பிரயாணக் கதை.

இவற்றுள் தலையாயது பாரிஸ் நகரப் பகுதியிலிருந்து பிறெஸ்ற் துறைமுகம் சென்று மீளும் 1,200 கிலோமீற்றர் ஓட்டம். 1891-ம் ஆண்டில் பந்தயமாகத் தொடங்கியது. அன்று சார்ல்ஸ் ரெறொன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். இன்று அது நான்கு வருடத்துக்கொருமுறை நடைபெறும் பொழுதுபோக்காளர் ஓட்டம். பெரும்பாலார்க்குக் கிடைப்பது 90 மணி. 2023-ம் ஆண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 2019-லும் 2023-லும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சென்றிருந்தனர். வழியிலுள்ள கிராமத்தார் நள்ளிரவிலும் விழித்திருந்து கோப்பியும் தோசை போன்ற மெல்லிய அப்பமும் கொடுப்பர். ஒரு வீட்டார் அதற்குப் பணம் வாங்குவதில்லையாம். ஊர் திரும்பியபின் ஒரு தபாலட்டை அனுப்பினாற் போதும் என்பர். அந்த அட்டைகளே அவர்கள் வீட்டு வாயிலில் கொலுவிருக்கின்றன.

இக்காலத்திலே செய்மதியைத் துணைக்கொண்ட சிறு கருவிகள், சென்ற தூரம், ஏறிய உயரம், வேகம், இதயத் துடிப்பு ஆகிய அனைத்தையும் தாமே எழுதிவிடுகின்றன. திங்கட்கிழமைப் பொய்களுக்கு இதனால் இடையூறு நேர்ந்தது உண்மை. ஆயினும் எண்களைப் பார்த்தவுடனே யார் விரைந்தவர் என்ற ஒப்பீடு தொடங்கிவிடுகின்றது. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த வளைவில் லொறி திடீரென்று தோன்றும், எவ்விடத்தில் வயிறு கலங்கிற்று என்பவற்றை மனிதனே சொல்லவேண்டியிருக்கின்றது.

நமது யாழ்ப்பாணத்திலே துவிச்சக்கரவண்டி நெடுங்காலமாக வேலைக்காரனாகவே இருந்துவந்தது. மரக்கறிக் கூடையும் விறகும் அதன் கரியரில் ஏறின. 1990-ம் ஆண்டுகளின் எரிபொருள் தடைக் காலத்திலே நோயாளியும் அதிலேதான் வைத்தியசாலைக்குச் சென்றார். 2022-ம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் நாடு முழுவதும் அதனைத் தேடிற்று. ஆகவே, வேலையொன்றுமின்றி முப்பது மைல் ஓட்டிவருபவனைப் பார்த்து, “என்ன தம்பி, வேறு அலுவல் இல்லையோ?” என்று பெரியவர்கள் கேட்பதில் வியப்பில்லை.

அப்படிக் கேட்கப்படும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் நாம் ஒரு யோசனை கூறுவோம். குடாநாட்டிலே மலை இல்லை, காற்று உண்டு. காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓட்டுபவன், அதே வேகத்தில் எதிர்வரும் காற்றினூடே அவ்வாறே ஓட்ட முயன்றால், அவனைத் தள்ளும் காற்றின் பலம் நான்கு மடங்காகிவிடும். வெலோசியோவின் கூட்டத்தார் தெற்கே செல்லுகையில் மிஸ்திரால் என்னும் வடகாற்று முதுகைத் தள்ளிற்று. திரும்புகையில் முகத்தில் அறைந்தது. எனவே காற்றின் கணக்கும் அவர்களுக்கு வேண்டியதாயிற்று. பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் நோக்கிச் செல்பவர்க்குச் சோளகக் காலத்திலே நேர்வது இதற்கு மறுதலை. போகும்போது காற்று எதிரே நிற்கும். வரும்போது அதுவே கூட வரும். குறிகட்டுவான் துறைவரை சென்றவர், புறப்பட்ட நேரம், காற்று எழுந்த நேரம், திறந்த கடற்பாதையில் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தது, குடிதண்ணீர் கிடைத்த இடம், நிழல் இல்லாத தூரம் ஆகிய ஐந்தையும் மாதத்தோடு குறித்து ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். வாடைக் காலத்தில் அதே பாதையில் மீண்டும் சென்று அடுத்த பக்கத்தில் எழுதட்டும். 2011-ம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரிப் பக்கமும் ஒரு நல்ல பாதை கிடைத்திருக்கின்றது. அதற்கும் சில பக்கங்கள் ஒதுக்கலாம். நாய்களைப் பற்றியும் எழுதலாம். எண்ணிக்கை மாத்திரம் சரியாக இருக்கட்டும்.